பாவை வைக்காத கண்

"கண்ணு மட்டும் என்னால முடியாதுங்க ஸ்தபதி" என்றார் தீர்த்தகிரி.

மாசிலாமணி ஸ்தபதி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏண்ணே?"

"தெரிஞ்சே கேக்கறீங்களே."

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தாறு. நாற்பது வயதுவரை கதவுக்கும் நிலைக்கும் மரம் இழைத்துக்கொண்டிருந்தவர் தீர்த்தகிரி. ஒரு நாள் தம்மம்பட்டிப் பட்டறையில் மாசிலாமணி ஒரு யாளிக்குப் பல்வரிசை எடுப்பதைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்து போகவில்லை.

குரு 'அண்ணே' என்பார். சீடர் 'ஸ்தபதி' என்பார், கூடவே 'ங்க' போட்டு. இருவருக்கும் அது உறுத்தியதில்லை.

வந்திருந்த வேலை பன்னிரண்டு டிக்கி.

பெயரைக் கேட்டதும் பட்டறை சிரித்தது. "எந்தக் காருக்குங்க?" என்றார் பாலீஷ் போடும் செங்கோடன்.

டிக்கி என்பது பசிபிக் கடல் தீவுகளின் மர உருவம். முன்னோர் என்பார்கள். தெய்வம் என்பார்கள். ஒரு தீவின் பாணி அடுத்த தீவில் கிடையாது. ஹவாயில் வாயைப் பிளந்து சீறும். நியூசிலாந்தில் தலை சாய்ந்து நாக்கு நீளும். மார்க்கேசஸ் தீவுகளில் தலை பெரிது. கண் இன்னும் பெரிது, தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி.

எங்கோ ஒரு கடற்கரை ஓட்டல்காரர் கேட்டிருந்தது மார்க்கேசஸ் பாணி. மாசிலாமணி முந்தின வருடம்தான் அந்தத் தீவுக்குப் போய், ஒரு தச்சரின் கொட்டகையில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவர்.

ஓட்டல்காரர் அனுப்பியிருந்த போட்டோவைத் தீர்த்தகிரி விரலால் அளந்தார்.

"மூணுல ஒரு பங்கு தலையே இருக்குது. ஆளுக்கு மொத்தமே மூணு முகம் உசரமா? நம்ம பூதகணத்துக்கே நாலு குடுக்கறமே."

"அது அவங்க ஊர்க் கணக்கு."

"கண்ணுல பாவையக் காணோம்."

பாவை என்றால் கருவிழி. பாவை விழும்வரை உருவம் வெறும் மரம். விழுந்துவிட்டால் அதை மரம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

"பழைய உருவத்தப் போட்டோ எடுத்திருப்பாங்க. தேஞ்சு போயிருக்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஸ்தபதி உளி முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"மரம் என்னங்க?"

"தூங்குமூஞ்சி."

"தூங்குமூஞ்சியில போயி கண்ணத் திறக்கச் சொன்னா எப்படிங்க?"

தீர்த்தகிரி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

*

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆத்தூர்ப் பக்கம் ஒரு முனியப்பன் கோயில். மர முனியப்பனுக்குக் கண் திறந்தவர் தீர்த்தகிரி.

முறையெல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஊருக்கும் சாமிக்கும் நடுவே திரை கட்டினார்கள். திரைக்குள்ளே கண்ணாடி, நெல் குவியல், கன்றோடு ஒரு பசு. முதல் பார்வை அவற்றின் மேல் விழ வேண்டும். மனிதர் மேல் விழக்கூடாது.

பாவை வைத்த நிமிடம் காற்றில் திரை அவிழ்ந்தது.

எதிரே அவர் மனைவி பாவாயி நின்றிருந்தாள், கையில் பால் சொம்போடு.

ஐப்பசி பிறப்பதற்குள் அவளுக்கு வலக்கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். தீர்த்தகிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் குதிரை செய்தார். சிம்மாசனம் செய்தார். சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசி செய்தார். குதிரைக்குக்கூடக் கண் மட்டும் வேறு யாராவது வைத்தார்கள்.

*

"டாக்டர் குடுத்த தேதியத் தள்ளலாம்னு இருக்கேன்" என்றார் தீர்த்தகிரி.

பாவாயிக்கு இப்போது இடக்கண். புரை முற்றியிருந்தது. அழுத்தமும் ஏறிக்கொண்டிருந்தது. சேலத்தில் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வியாழக்கிழமை மத்தியானமே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும். டிக்கிகள் லாரி ஏறுவது அதற்கு மறுநாள், சனிக்கிழமை.

"அடுத்த தேதி எப்போ?"

"மூணு மாசம் கழிச்சுன்னாங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதுவரைக்கும் நரம்பு தாங்காதுன்னாரு."

"அப்புறம் என்னண்ணே?"

தீர்த்தகிரி போட்டோவைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டு உருவம். இருவத்துநாலு கண்ணு. யாருன்னே தெரியாத சாமி. பேரு தெரியாது. மந்திரம் தெரியாது. சேவல் அறுத்தா அடங்குமா, பொங்கல் வெச்சா அடங்குமா, தெரியாது. அதுங்க கண்ணு திறக்கற வாரத்துல அவளக் கொண்டுபோயி மேசையில படுக்க வெக்கச் சொல்றீங்களா?"

உளி தீட்டும் சத்தம் நின்றது.

"சரிண்ணே. நீங்க வட்டத்த எடுங்க. கண்ண நான் பாத்துக்கறேன்."

*

வட்டம் எடுப்பதில் தீர்த்தகிரிக்குப் பயம் இல்லை. வட்டம் வட்டம்தான். சட்டிக்கும் உண்டு, சக்கரத்துக்கும் உண்டு.

முதல் உருவம் இரண்டாவது நாளே முடிந்தது. தலை, அகன்ற வாய், வயிற்றின் மேல் கூப்பாமல் வைத்த கை, மடக்கிய முழங்கால். புருவத்துக்குக் கீழே இரண்டு பெரிய வட்டம். அதை வாசல் பக்கம் பார்க்க நிறுத்திவிட்டு அடுத்த கட்டையை இழுத்தார்.

பதினோரு மணி டீயைப் பாவாயி கொண்டுவருவாள். வீட்டிலிருந்து பட்டறைக்கு அறுபது தப்படி. வழி அவள் காலுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வரிசைக்கு எதிரே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துகொள்வாள்.

தீர்த்தகிரி தடுக்கவில்லை. பாவை வைக்கவில்லையே, மரம்தானே.

ஒரு நாள் அவள் எழுந்து முதல் டிக்கியைத் தடவிப் பார்த்தாள்.

"இதென்னங்க, கன்னமா?"

"கண்ணு."

"இத்தன பெருசா?" இரண்டு உள்ளங்கையையும் வைத்து இரண்டு வட்டத்தையும் மூடினாள். "ஒருத்தருக்கு எதுக்கு இவ்ளோ கண்ணு? எனக்கு ஒண்ணு குடுத்தா குறைஞ்சா போயிருவாரு?"

செங்கோடன் சிரித்தார்.

"கைய எடு" என்றார் தீர்த்தகிரி.

"ஏன், கடிக்குமா?"

"பாவை வெக்கல. மரம்தான். இருந்தாலும் எடு."

"மரம்னா எதுக்குப் பயப்படறீங்க?"

அவள் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை போறோம்ல?"

"லாரி போகட்டும்."

"லாரிக்கா கண்ணு தெரியல?"

செங்கோடன் இந்த முறை சிரிக்கவில்லை.

*

தினமும் காலையில் தீர்த்தகிரி வீட்டு வாசலில் நின்று பாவாயிக்கு விரலைக் காட்டுவார்.

"எத்தன?"

"மூணு."

மூன்றுதான். நிம்மதியாகப் பட்டறைக்குப் போவார்.

பதினோரு உருவம் முடிந்திருந்தது. செங்கோடன் ஒவ்வொன்றுக்கும் பாலீஷ் ஏற்றிக்கொண்டே வந்தார். தீர்த்தகிரி கடைத்தெருவுக்குப் போய் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிவந்து, பேப்பர் சுற்றிப் பட்டறைப் பரணில் வைத்தார்.

"கண்ணாடி எதுக்குண்ணே?"

"முதல் பார்வைக்குங்க. மாடுங்கூட சொல்லி வெச்சிருக்கேன். கன்னுக்குட்டியோட." குரலைத் தாழ்த்தினார். "பாவை எப்பங்க வெக்கறீங்க? முன்கூட்டியே சொல்லிருங்க. அன்னிக்கு அவள இந்தப் பக்கமே விடமாட்டேன்."

"அவசரம் இல்லண்ணே."

"சனிக்கிழமை லாரி வருதுங்க."

"வரட்டும்."

குரு இப்படிப் பேசினால் மேலே கேட்பதில் பயனில்லை. தீர்த்தகிரி கேட்கவில்லை. ஆனால் ஸ்தபதி உளியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை வாசலில் நின்று விரலைக் காட்டினார்.

"எத்தன?"

"மூணு."

அவர் காட்டியது இரண்டு.

கையை இறக்காமலேயே நின்றார்.

"எப்பவும் மூணுதான காட்டுவீங்க?" என்றாள் பாவாயி.

*

அன்று நேரம் கழித்துப் பட்டறைக்குள் நுழைந்து அவர் உளியை எடுத்தபோது ஸ்தபதி வரிசையில் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு டிக்கியின் தோளையும் தட்டிப் பார்த்தார். பன்னிரண்டாவதைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"செங்கோடா, மத்தியானம் சாக்கு சுத்திக் கட்டிரலாம். வேலை முடிஞ்சுது."

"பாவை?" என்றார் தீர்த்தகிரி.

"மார்க்கேசஸ் பாணியில பாவை கிடையாதுண்ணே. வட்டந்தான் கண்ணு."

"போட்டோவுல தேஞ்சு போயி..."

"தேயல. அவங்க வெக்கறதே இல்ல. நானும் அங்க ஒரு மாசம் கேட்டுப் பாத்தேன், எப்பத் திறக்கும், எப்பத் திறக்கும்னு. அந்தத் தச்சருக்கு என் கேள்வியே புரியல."

"அப்ப இதுங்க..."

"முதல் ஆளு கண்ணத் திறந்து பத்து நாளாச்சு."

"யாரு திறந்தது?"

ஸ்தபதி தீர்த்தகிரியின் கையில் இருந்த உளியைப் பார்த்தார்.

தீர்த்தகிரி அதைக் கீழே போட்டார். சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் போனார்.

"பத்து நாளும் அவ எதுத்தாப்ல உக்காந்திருந்தாளே. கையால மூடிக்கூடப் பாத்தாளே. காலையில ரெண்டக் காட்டினா மூணுங்கறா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நான் வட்டமே எடுத்திருக்க மாட்டேன்."

"அது தெரியும்."

வாசலில் காலடி கேட்டது. பதினோரு மணி.

தீர்த்தகிரி ஓடினார். இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

"உள்ள வராத."

"ஏன்?"

"வராதன்னா வராத. வீட்டுக்குப் போ."

"டீ ஆறுது. தள்ளுங்க."

எதிரே நிழல் மாதிரி ஏதோ நிற்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராகத் தன் மரக்கட்டைக்குப் போனாள். உட்கார்ந்தாள்.

தீர்த்தகிரி பரணிலிருந்து கண்ணாடியை இழுத்தார். பேப்பரைக் கிழித்தார். அவளுக்கும் வரிசைக்கும் நடுவே போய் நின்றார். முதல் டிக்கிக்கு நேராகப் பிடித்தார். மூன்றாவதுக்கு நேராகப் பிடித்தார். மறுபடியும் முதலாவதுக்கு வந்தார்.

உருவம் பன்னிரண்டு. கண்ணாடி ஒன்று.

"அண்ணே" என்றார் ஸ்தபதி. "அதக் கீழ வெச்சிட்டு இந்தப் பக்கம் வாங்க."

"மாட்டேன்."

"பாவை எங்கன்னு கேட்டீங்கல்ல. வந்து பாருங்க."

கண்ணாடியை அவர் கையிலிருந்து ஸ்தபதியே வாங்கிக்கொண்டார். தோளைப் பிடித்து முதல் டிக்கியின் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

தீர்த்தகிரி பார்க்காமல் நின்றார். பிறகு பார்த்தார்.

செங்கோடனின் பாலீஷ் நன்றாக ஏறியிருந்தது. வட்டம் மின்னியது. அதற்குள் பட்டறை வாசலும் வெயிலும் வளைந்து தெரிந்தன. வெயிலுக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று. கட்டைவிரல் உயரம் இருக்கும்.

தூசு என்று நினைத்துத் துடைத்தார். போகவில்லை.

அசைந்தது. குனிந்து டீ ஊற்றியது.

அவர் அடுத்த கண்ணைப் பார்த்தார். அதிலும் பாவாயி இருந்தாள். அடுத்த உருவத்துக்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார்.

"டீ வேணுமா வேண்டாமா? யாராச்சும் வாயத் திறங்க" என்றாள் பாவாயி.

தீர்த்தகிரி மறுபடி குனிந்து உற்றுப் பார்த்தார். அந்தச் சின்ன உருவத்தின் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. துணிமணி அடைத்து, வாயைக் கட்டி. வாசலில் மறித்தபோது அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சேலம் பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.