ராக்கியப்பன் ஊசிக்குக் கவர் போட்ட கதை

கரூரில் கொசுவலை தைத்து விற்கும் அண்ணன் தம்பி மூவருக்கும் மூளை உண்டு என்பதற்கு, எப்போதோ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மூத்தவர் ராக்கியப்பனுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கும் வாதம். பதினைந்து நாளைக்கு ஓர் ஊசி, விலை முப்பதாயிரம். இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டி வந்தது. ஊசி போட்டுக்கொண்டால் சட்டைப் பொத்தானை அவரே போடுவார். தவறினால் சோறு பிசையக்கூட முடியாது. பழைய கம்பெனி பிரீமியத்தை ஏற்றியதும் தம்பிகள் சென்னியப்பனும் குழந்தைவேலுவும், "வேற கம்பெனிக்கு மாறிக்கலாங்ண்ணா" என்றார்கள். ஊசி நின்றுபோகுமோ என்று ராக்கியப்பன் போன் போட்டு விசாரித்தார்.

புதுக் கம்பெனி ஏஜென்ட் பானுமதி போனில் பொறுமையாகச் சொன்னார்: "உங்க மருந்து எங்க பட்டியல்ல இருக்கணும். பழைய பாலிசிக்கும் புதுசுக்கும் நடுவுல இடைவெளி விழக்கூடாது. முக்கியமா, மாறுற அன்னிக்கு மருந்து கவர்ல இருக்கணும்."

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

பானுமதி அனுப்பிய பட்டியலில் அந்த மருந்து இல்லை. "எழுதிட்டா இருந்துட்டுப் போகுது" என்று குழந்தைவேலு பேனாவை எடுத்தார். பச்சை மையா, நீல மையா என்று ஒரு மணி நேரம் வாதம். ராக்கியப்பன்தான் தீர்த்து வைத்தார். "பச்சை வேண்டாம். அது பெரிய ஆபீசருங்க மை. நாம எழுதினா திருட்டுத்தனமாயிரும்."

அடுத்து இடைவெளி. இரண்டு பாலிசியையும் முதுகோடு முதுகாகப் பசை தடவி ஒட்டினார்கள். சென்னியப்பன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எறும்புகூட நுழையாதுங்ண்ணா" என்றார்.

பிறகு ஃபிரிட்ஜில் இருந்த ஊசியை எடுத்து, ஜவுளிக்கடைக் கவரில் போட்டு, முடிச்சிட்டு, ஜன்னலோர ஆணியில் மாட்டினார்கள்.

"ஃபிரிட்ஜுலதானே வெக்கச் சொன்னாங்க?" என்று ராக்கியப்பன் முனகினார்.

"அது டாக்டர் சொன்னது. கவர்ல வெக்கச் சொன்னது இன்சூரன்ஸ். காசு யாரு கட்டறாங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

ராக்கியப்பனுக்கு அது மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது.

சித்திரை வெயிலில் ஊசி ஊசிப்போயிற்று. அவர் விரல்கள் வாழைப்பழமாக வீங்கின. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கவர் இருக்கிறதே என்ற தைரியத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பழைய பாலிசி முடிய இரண்டு நாள் இருக்கையில் பானுமதி நேரில் வந்தார், பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். 'இந்த மருந்து இல்லாமல் இவரால் முடியாது' என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, பட்டியலில் இல்லாத மருந்துக்கு எப்படியோ அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "இனிக் கவலையில்லைங்க, மூணு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாலிசி" என்று சொல்லித் தொலைத்தார்.

புதுப் பாலிசி தொடங்கிய அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியோடு வந்தபோது, மூவரும் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள்.

"யாருக்குங்க ஊசி?"

"மூணு பேருக்கும் சேர்த்துத்தானுங்க" என்றார் ராக்கியப்பன். "சமமாப் பிரிச்சுப் போடுங்க. மூத்தவன்னு எனக்குக் கூடுதலா வேண்டாம்."

"வலி யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

குழந்தைவேலு மனக்குறையோடு எழுந்து உட்கார்ந்தார். "அதைத்தாங்க கேக்கலாம்னு இருந்தோம். எங்க ரெண்டு பேருக்கும் வலி இன்னும் வந்து சேரலை. அதுக்கு எந்தக் கவுன்டர்ல எழுதிக் குடுக்கணும்?"