கோப்பை வந்த வருஷம்

முன்னொரு சமயம், எந்தப் பெரிய ஊருக்கும் பக்கத்தில் இல்லாத ஓர் ஊரில் ஒரு சின்னக் கல்லூரி இருந்தது. அதன் விளையாட்டு அறைக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு கோப்பை வந்து சேர்ந்தது. பெண்கள் வாலிபால் போட்டியில் எந்தக் கல்லூரி ஜெயிக்கிறதோ, அங்கே ஒரு வருஷம் தங்கிவிட்டு, அடுத்த வருஷம் ஜெயிக்கிறவர்களோடு கிளம்பிப் போகிற சுழற்கோப்பை அது.

அதுவரை பெரிய கல்லூரிகளில் மட்டுமே தங்கிப் பழகிய கோப்பை. கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு, வாராவாரம் துடைக்க ஓர் ஆள் என்று இருந்தது. இங்கே அதைத் துருப்பிடித்த பீரோவின் மேல், சுண்ணாம்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டது. ஆனால் எதிரே நாற்காலியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாரே ஒருவர், அதுதான் அதற்குப் புரியவில்லை. அவர் ஞானதுரை சார். அந்தக் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர், ஜெயித்த அணியை உருவாக்கியவர்.

கோப்பை கீழே கிடந்த பந்தைக் கூப்பிட்டது.

“தம்பி, இந்த வீட்டில் ஏதும் துக்கமா?”

“அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. நாங்க ஜெயிச்சிட்டோம்லா, அதான்” என்றது பந்து. சைக்கிள் கடையில் மூன்று தடவை ஒட்டுப் போட்ட பந்து அது. வாய் மட்டும் புதுசு.

“ஜெயித்தால் இப்படியா உட்காருவார்கள்?”

“எனக்கும் தெரியல. முதல் தடவைதானே ஜெயிக்கோம்? ஒருவேளை இப்படித்தான் உட்காரணுமோ என்னமோ.”

அப்போது முதல்வர் அம்மா உள்ளே வந்தார்.

“சார், வாழ்த்துக்கள். ஒரு சந்தேகம். ஜெயிச்ச காலேஜ்தான் அடுத்த வருஷம் போட்டியை நடத்தணுமாமே?”

“ஆமா மேடம். இந்தப் பக்கம் அதுதான் வழக்கம்.”

“பன்னெண்டு காலேஜ் பிள்ளைங்க. ரெண்டு நாள் சாப்பாடு, தங்க இடம், நடுவர்களுக்குப் பேட்டா. என்ன ஆகும்?”

சார் ஒரு தொகையைச் சொன்னார். முதல்வர் அம்மா பக்கத்தில் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கல்லூரி ஒரு வருஷத்துக்கு எல்லா விளையாட்டுக்குமாகச் சேர்த்து ஒதுக்குகிற பணத்தைப்போல மூன்று மடங்கு அது.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?”

“தெரியும் மேடம். ஜெயிப்போம்னுதான் தெரியாது.”

முதல்வர் அம்மாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத் தேதி வந்தால் தூக்கம் போகிற மனுஷி. இதில் கெட்டவர் என்று ஒருத்தர் இருந்திருந்தால் எனக்கும் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும். தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை.

“நடத்த முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன?” என்று கோப்பை பந்திடம் கேட்டது.

“உங்களைத் திருப்பிக் கொடுக்கணும். மூணு வருஷம் எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டாங்க. சார் பாவம்லா.”

ஆகவே நடத்துவது என்று முடிவானது. முதலில் போனது இரும்புக் குண்டு. குண்டு எறிதலுக்கு இனி ஆள் அனுப்புவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் கோணியோடு வந்து நின்றபோது குண்டு உறுமியது.

“நான் பாட்டுக்கு மூலையில் கிடந்தேன். எனக்கும் வாலிபாலுக்கும் என்ன சம்பந்தம்? என்னை விற்று எத்தனை பேருக்குச் சோறு போடுவீர்கள்?”

“சோறு வராது. ஒரு பந்திக்கு ரசம் வரும்” என்றது பந்து.

கோப்பைக்குச் சங்கடமாகப் போயிற்று. “குண்டு ஏன் போகிறது?”

“உங்களுக்காகத்தான் அண்ணாச்சி.”

“எனக்காகவா? ஐயோ, நான் ஒன்றுமே கேட்கவில்லையே!”

அது கேட்கவில்லைதான். ஆனாலும் தடை ஓட்டக் கம்பிகள் போயின, கிரிக்கெட் மட்டைகள் போயின. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த அவித்த முட்டையும் சுண்டலும் நின்றன. ஒவ்வொன்று போகும்போதும் கோப்பை, “போதும், இதோடு போதும்” என்று முனகியது. யார் காதில் விழுகிறது?

ஏப்ரல் மாதம் வந்தது. அணியில் இருந்த ஆறு பெண்களும் பி.ஏ. முடித்தார்கள். விளையாடுகிற பிள்ளைகள் அங்கே பி.ஏ.வோ எம்.ஏ.வோ சேர்ந்தால் கட்டணம் கிடையாது, விடுதியும் இலவசம். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். இந்த வருஷம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். போட்டிச் செலவை முன்னிட்டு அந்தச் சலுகை நிறுத்தப்படுகிறது.

அணித் தலைவி இசக்கியம்மாள் அந்தத் தாளைப் படித்துவிட்டு நேரே விளையாட்டு அறைக்கு வந்தாள். பீடி சுற்றுகிற வீட்டுப் பெண். இன்னும் ஒரு வருஷம் ஆடி, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

“சார், டவுன் காலேஜ்ல இருந்து ஆறு பேரையும் கூப்பிடுதாங்க. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ. ஷூகூட அவங்களே தாராங்களாம்.”

“போங்க” என்றார் சார்.

“நீங்க இருன்னு சொன்னா இருந்திருதேன் சார்.”

“இருந்தா ஃபீஸ் யார் கட்டுவா?”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவைத் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது.

“நம்ம என்ன தப்பு சார் பண்ணினோம்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் ஆடினீங்க” என்று சொல்லி, வேறு கல்லூரிக்குப் போக ஆட்சேபனை இல்லை என்று ஆறு பேருடைய தாளிலும் கையெழுத்துப் போட்டார். அவள் போனபிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, சுண்ணாம்புத் தூசி என்று யாரிடமோ சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை.

மூலையில் சுருண்டு கிடந்த வலை மெதுவாகக் கேட்டது: “அப்போ போட்டி நடக்கும்போது நம்ம டீம்?”

“டீம் கிடையாது” என்றது பந்து.

“டீம் கிடையாதுன்னா போட்டி எதுக்கு?”

“நாம ஜெயிச்சதுனால.”

“நாம ஜெயிச்சதுனால நமக்கு டீம் கிடையாதா?”

“என்னைக் கேட்காதே. எனக்கு ஏற்கெனவே காத்து இறங்குது.”

நீங்களும் என்னை அதையே கேட்பீர்கள். போட்டியை நடத்துவதற்காக அணியை விட்டுவிட்டு, அணி இல்லாமல் போட்டியை நடத்தினால் அதற்கு என்ன அர்த்தம்? சத்தியமாக எனக்கும் விளங்கவில்லை. விளங்கினால் சொல்லாமலா இருப்பேன்?

போட்டி வந்தது. பந்தல் போட்டார்கள், தோரணம் கட்டினார்கள். பன்னிரண்டாவதாக இறங்கவேண்டிய சொந்த அணிதான் இல்லை, மற்ற பதினொன்றும் வந்தன. ஞானதுரை சார் கழுத்தில் விசிலும் கையில் சாம்பார் வாளியுமாகப் பந்திக்கும் மைதானத்துக்கும் ஓடினார். சாப்பாடு பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இறுதி ஆட்டத்தில் டவுன் கல்லூரி இறங்கியது. நீலச் சட்டையில் அதே ஆறு பெண்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யாருக்குக் கை தட்டுவது என்று தெரியவில்லை. இசக்கி வலைக்கு மேலே எழும்பி ஒரு அடி அடித்ததும் அடக்கமாட்டாமல், “இசக்கி! இசக்கி!” என்று கத்தினார்கள். சாரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

நீலச் சட்டை ஜெயித்தது. அன்றைக்கே பல்கலைக்கழக அணியின் பட்டியலை வாசித்தார்கள். முதல் பெயர் இசக்கியம்மாள்.

போன வருஷம் ஜெயித்த கல்லூரியின் தலைவி கோப்பையைக் கொண்டுவந்து இந்த வருஷத்துத் தலைவியிடம் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒருத்தியாக இருந்தால் என்ன செய்வது? விதியில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் சாரே தூக்கிக்கொண்டு வந்தார்.

“சார், நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள் இசக்கி.

“எல்லாம் ஆச்சு. நீ பிடி, கனமா இருக்கு” என்றார்.

அவள் கையில் இருந்தபடியே கோப்பை பந்தைத் தேடியது. “தம்பி, போன வருஷம் இதே பிள்ளைகள்தான் என்னைத் தூக்கினார்கள். இப்போதும் இதே பிள்ளைகள்தான். பிறகு எதற்கு நான் ஊர் மாறுகிறேன்?”

பந்து என்னவோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

ஜூன் மாதம் முதல்வர் அம்மா விளையாட்டு அறைக்கு வந்தார். வெறும் பீரோவையும் ஒட்டுப் போட்ட பந்தையும் பார்த்தார். முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத தெளிவு.

“சார், இந்த வருஷம் நமக்குப் போட்டிச் செலவு இல்ல. ஃபீஸ் சலுகையைத் திரும்பக் கொடுத்துரலாம். நல்ல பிள்ளைகளாப் பார்த்து டீம் போடுங்க.”

ஞானதுரை சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார். முதல்வர் அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

“சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஜெயிச்சு மட்டும் வந்துராதீங்க.”