நல்லசிவத்துக்கு ஒரு ‘பலே’

முதலில் ஒரு விடுகதை. யாரும் அடிக்கவில்லை, ஆனாலும் சபை முழுவதும் கேட்டது. அது என்ன? அவசரம் இல்லை. கதையைக் கேட்டுக்கொண்டே யோசியுங்கள்.

வெகு காலத்துக்கு முன் வடகரை நாட்டை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். மனதில் தோன்றியதெல்லாம் அவனுக்கு உத்தரவுதான். ஒருமுறை தன் தூக்கத்தைக் கெடுத்ததற்காக இடியையே நாடு கடத்தினான். இடி போகவில்லை, ஆனால் அதை அவனிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவனுக்கு மேளம் என்றால் உயிர். வெள்ளிக்கிழமைதோறும் சபையில் நாகசுரக் கச்சேரி நடக்கும். நாகசுரம் திருமேனி, சுருதிக்கு ஒத்து ஊதுபவர் வீரப்பன், தாளம் போடுபவர் காத்தான், தவில் நல்லசிவம். நால்வரும் சேர்ந்தால் தூண்கள்கூடத் தலையாட்டும் என்பார்கள்.

அந்த நல்லசிவம் படுத்துவிட்டார். நெஞ்சில் நோய். இருமினால் துணியில் ரத்தம் தெரிந்தது. அரண்மனை வைத்தியர் தினமும் வந்து மார்பில் தைலம் தடவுவார். அதன் பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வரும், கண் மூடும். தாயில்லாத மகள் அஞ்சுகம் பக்கத்திலேயே இருந்தாள். திருமேனி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. வீரப்பன் தண்ணீர் சுமந்தார். காத்தான் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

தவில் பாயை ஒட்டியே இருந்தது. நல்லசிவம் விழிக்கும்போதெல்லாம் கை அதைத் தேடும். தோலில் உள்ளங்கை பட்டதும் மறுபடி தூங்கிவிடுவார்.

சபைக் காரியங்களைப் பார்த்துவந்தவர் மார்த்தாண்டம். அவருக்கு நல்லசிவத்தைக் கண்டால் ஆகாது. தன் அக்காள் மகன் கோதண்டத்தை அந்த இடத்தில் உட்காரவைக்க வெகு நாளாக ஆசை.

“அரசே, வேலைக்கு வராதவனுக்கு அரண்மனை வைத்தியரா? நாளைக்கு ஊரே படுத்துக்கொள்ளும்” என்றார்.

அரசன் உடனே சொன்னான்: “சரிதான்! வருகிற வெள்ளிக்கிழமை நல்லசிவத்தின் வாசிப்பு இந்தச் சபையில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இடம் கோதண்டத்துக்கு. வைத்தியரும் அதன் பிறகு அங்கே போக வேண்டாம்.”

“வேறு யாரையாவது வாசிக்கவிட்டு ஏமாற்றுவார்கள் அரசே!”

“என்னையா? அவன் வாசிப்பு எனக்குத் தூக்கத்திலும் தெரியுமய்யா!”

அமைச்சர் அறவாழி மெல்ல நிமிர்ந்தார். “அவ்வளவு நன்றாகத் தெரியுமா அரசே?”

“ஒவ்வொரு அடியும் தெரியும்!”

“எனக்கு அது போதும்” என்றார் அமைச்சர்.

அன்றே அவர் மூன்று கலைஞர்களையும் அழைத்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த திருமேனி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மூவரும் தவிலை எடுக்க வந்தபோது அஞ்சுகம் வழியை மறித்தாள். “அப்பா தேடுவாரே, பெரியப்பா?”

“சாயங்காலம் கொண்டுவந்துவிடுவோம் கண்ணு” என்றார் திருமேனி.

“நானும் வருகிறேன்” என்றாள். பக்கத்து வீட்டு அத்தையை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு அவளும் வந்தாள்.

சபையில் நல்லசிவத்தின் இடத்தில் தவிலை வைத்தார்கள். பின்னால் ஆள் இல்லை. மார்த்தாண்டம் மீசைக்குள் சிரித்தார். திருமேனி வாசிக்கத் தொடங்கினார். கச்சேரியின் நடுவில் தவிலுக்கென்று தனியாக நேரம் விடுவது மேளக்காரர்கள் வழக்கம். அப்போது நாகசுரம் ஓய்ந்துவிடும். அந்த இடம் வந்ததும் திருமேனி நாகசுரத்தைத் தாழ்த்தி, ஆளில்லாத தவிலைப் பார்த்துத் தலையசைத்தார். ஒத்தும் நின்றது. காத்தான் கையால் மட்டும் ஓசையில்லாமல் தாளம் போட்டார்.

சபையில் சத்தமே இல்லை. அரசன் முகம் சுளித்தான். வாய் திறக்கப்போனான். ஆனால் அவன் கண் காத்தானின் கையில் விழுந்தது. நல்லசிவம் எப்போதும் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். அரசனின் விரல் தொடையில் மெதுவாக அசைந்தது. பிறகு தலை ஆடியது. வேகம் கூடும் இடத்தில் விரல்களும் வேகம் கூட்டின. வாயில் காவலனின் முகவாய் ஆடியது. மார்த்தாண்டத்தின் கால் கட்டைவிரலும் ஆடியது. கடைசி அடியில் அரசன் சிம்மாசனத்தை ஓங்கித் தட்டினான். அதே நொடியில் நாகசுரம் எழுந்தது.

“பலே, நல்லசிவம்!” என்று கத்தினான் அரசன்.

கத்திய பிறகுதான் ஆளில்லாத இடத்தைப் பார்த்தான்.

“அரசே, மோசம்! தவிலை யாரும் தொடவே இல்லை!” என்றார் மார்த்தாண்டம்.

“அப்படியா? அரசர் யாருக்குப் பலே சொன்னார்? உங்கள் கால் எதற்கு ஆடியது?” என்று கேட்டார் அமைச்சர்.

மார்த்தாண்டம் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை.

“எனக்குக் கேட்டது” என்றான் அரசன். “அவன் எப்போது எழுந்து வருவான்?”

வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். “இனி எழுந்து வர மாட்டார் அரசே. வலி தெரியாமல் வைத்திருக்கத்தான் தைலம்.”

பிறகு அரசன் சொன்னான்: “கடைசி வரை வைத்தியர் போகட்டும். மார்த்தாண்டம், தைலக் கிண்ணத்தை நீர்தான் தினமும் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும்.” அமைச்சருக்குத் தன் தோளிலிருந்த பட்டைப் போர்த்தினான். மேளக்காரர் மூவரையும் எழுந்து நின்று வணங்கினான்.

அதன் பிறகு அஞ்சுகத்தைக் கூப்பிட்டான். “குழந்தாய், உன் அப்பாவின் தவில் இந்தச் சபையிலேயே இருக்கட்டும். பட்டு மெத்தை போடுகிறேன். தினமும் பூ வைக்கச் சொல்கிறேன். நாட்டில் எந்தத் தவிலுக்கும் கிடைக்காத மரியாதை இது. அல்லது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நீயே சொல்.”

அஞ்சுகம் வெளியே பார்த்தாள். வெயில் சாய்ந்திருந்தது.

தவிலை வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். கனமாக இருந்ததால் திருமேனி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.