உழுதவரும் எண்ணியவரும்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. நடுக்கடலில் நின்ற அந்த ஆராய்ச்சிக் கப்பலில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் சமையல்காரர் ஒருவர்தான். அவருக்குச் சிரிக்க நேரமில்லை.

சீடர் சவேரியான் தூத்துக்குடிக்காரர். ஒரு காலத்தில் இதே கப்பலில், கம்பிவடத்தை இறக்கி இழுக்கும் வின்ச் பொறியை ஓட்டியவர். கடலடியில் சுரங்கம் தோண்டினால் என்ன ஆகும் என்று பார்க்க, இருபத்துநாலு வருஷத்துக்கு முன் ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் ஓர் இரும்புக் கலப்பையை இறக்கி இழுத்தார்கள். இழுத்தது அவர் கை.

"அம்புட்டு ஆழத்துல உழுத ஆளு நாந்தான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார். ஓய்வு பெற்றதும், உழுத இடம் என்ன ஆயிற்று என்று பார்த்தே தீருவேன் என்று, கடலடி உயிர்களை ஆராயும் டாக்டர் ரெக்சலினிடம் சீடராக வந்து சேர்ந்தார். கடலடிப் படங்களில் உயிர்களை எண்ணக் கற்றுக்கொண்டார்.

அன்று காலை கேமரா கீழே போய் நின்றது. திரையில் உழவுத் தடம் தெரிந்தது. நேற்று உழுத மாதிரி இருந்தது.

"மூடியிருக்கும்னுல்லா நெனச்சேன், டீச்சர்."

"நான் நெனைக்கல, அண்ணாச்சி."

அப்போது ஒரு வெள்ளைக் கடல் அட்டை மெல்ல ஊர்ந்து தடத்துக்குள் இறங்கியது. சவேரியான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வந்துட்டு! உயிர் திரும்பி வந்துட்டு! ஒண்ணுன்னு எழுதிரட்டா?"

சுரங்கத்துக்கு அனுமதி தரலாமா என்று முடிவு செய்பவர்கள் அடுத்த மாதம் படிக்கப்போவது, தடத்துக்குள் வாழும் உயிர்களின் இந்த எண்ணிக்கையைத்தான். அந்த ஒன்றை எழுதிவிட்டால் சவேரியான் மனசும் ஆறும்.

"நீங்கதான எண்ணுறீங்க. பாத்துட்டு எழுதுங்க" என்றார் ரெக்சலின்.

இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். டீ வந்தது, ஆறியது. கடல் அட்டை சேற்றைத் தின்றுகொண்டே போகும், பின்னால் கழிவைச் சுருள் சுருளாக விட்டுப்போகும். தடத்துக்கு வெளியே சுருள்கள் கிடந்தன. தடத்துக்குள் ஒன்றுகூட விழவில்லை. அந்தப் பக்கம் ஏறிய பிறகுதான் அது மறுபடி தின்னத் தொடங்கியது.

"குடியிருக்க வரல. கடந்து போகுது" என்றார் சவேரியான், தனக்குத்தானே.

பேனாவை எடுத்தார். எண்ணிக்கைத் தாளின் கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.

"டீச்சர், ஒரு உதவி செய்யணும். அறிக்கையில உழுதவங்க பட்டியல்ல எம்பேரு இருக்கு. எடுத்துருங்க. வெக்கமா இருக்கு."

"அந்தப் பட்டியல்ல மொத்தம் எத்தன பேரு?"

"பதினொண்ணு."

"அதுல திரும்பி வந்து பாத்தது?"

"நான் ஒருத்தந்தான்" என்றார் சவேரியான்.

ரெக்சலின் அந்தத் தாளை அவர் முன்னால் நகர்த்தினார். டீச்சர் குரலில் இத்தனை பெருமையைச் சவேரியான் அதுவரை கேட்டதில்லை.

"இந்தப் பூஜ்யத்த நான் போட்டிருந்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. போட்டது உழுத கை, அண்ணாச்சி. அந்தப் பேரை எடுக்க மாட்டேன். கீழ 'எண்ணியவர்'னு ஒரு இடம் காலியா இருக்கு பாருங்க. அதுலயும் எழுதுங்க. முழுப் பேரா எழுதுங்க, அப்பா பேரையும் சேத்து."