செலவில்லாப் படிப்பு

ஆம்பல்நாட்டை ஒரு காலத்தில் நெடுங்கோ என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஒரு கட்டளை போடுவான், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மாற்றிவிடுவான். ஒரு நாள் சந்தைக்குப் போனவனுக்கு, காலையில் நல்ல விலைக்குப் போன கத்தரிக்காய் சாயங்காலம் பாதி விலைக்கு ஏன் விற்கிறது என்று புரியவில்லை. உடனே ஒரு கலாசாலை கட்டினான். விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, ஜனங்கள் எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று சொல்லும் சந்தை சாத்திரம்தான் அங்கே முதலாண்டுப் பாடம்.

வாசலில் கல்லில் வெட்டிவைத்தான்: "இங்கே படிக்கச் செலவே இல்லை. உண்டு என்பவன் ராஜத்துரோகி." கூடவே ஒரு விதி. சும்மா கிடைக்கிற படிப்புக்கு ஒரு நாள் வராவிட்டாலும் பெயரை அடித்துவிடுவார்கள்.

தலைமை ஆசிரியர் சோமதத்தர். அரசவைப் பண்டிதர், கர்வம் அதிகம். மாணவர்களில் கொம்பையன் என்று ஒரு பரிசல்காரன். முப்பது வயதில், பரிசலைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் படிக்க வந்தவன்.

ஒரு நாள் ராஜா வகுப்புக்கே வந்துவிட்டான். "பண்டிதரே, அந்தக் கத்தரிக்காய் ஏன் விலை இறங்கியது?"

சோமதத்தர் சுலோகம் சொல்ல ஆரம்பித்தார். ஏழாவது சுலோகத்தில் ராஜா கொட்டாவி விட்டான். கொம்பையன் எழுந்தான்.

"ராஜா, வாடின காயை நாளைக்கு யாரும் தொடமாட்டார்கள். வாங்குகிறவர்களும் காலையிலேயே ஒரு கூறு வாங்கியாச்சு. முதல் கூறு குழம்புக்கு வேணும். இரண்டாவது கூறு எதற்கு? விலையைக் குறைத்தால்தான் அதையும் எடுப்பார்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "பண்டிதரே, நீர் இவன் பக்கத்தில் உட்கார்ந்து படியும்!"

வகுப்பே சிரித்தது. சோமதத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

வருஷப் பாடத்தின் கடைசி நாள் காலையில் கொம்பையன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"ஐயா, என் பெண்சாதிக்கு மூணு நாளா காய்ச்சல் இறங்கலை. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க."

"தாராளமாகப் போ அப்பா. பெயரை அடித்துவிடுகிறேன். விதி நான் போட்டதா, ராஜா போட்டதா?"

வீட்டுக்கு வந்து சொன்னான். படுத்திருந்த அவன் மனைவி, "வருஷம் பூராப் படிச்சதை ஒரு நாளில் விடுவாங்களா? போயிட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள நான் எங்கே போயிடப்போறேன்?" என்றாள்.

போனான். சாயங்காலம் திரும்பியபோது வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். "உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்து ராஜசபையில் பரீட்சை நடந்தது. கொம்பையன் முறை வந்ததும் சோமதத்தர் தொண்டையைக் கனைத்தார். "ஒரே கேள்வி. நம் கலாசாலையில் படிக்க ஆகும் செலவு என்ன?"

சபை திகைத்தது. எதுவும் சும்மா கிடைப்பதில்லை, ஒன்றை எடுப்பதற்காக எதைக் கைவிடுகிறோமோ அதுவே அதன் செலவு என்பது சாத்திரத்தின் முதல் பாடம். செலவு இல்லை என்றால் பரீட்சையில் தோல்வி. உண்டு என்றால் தலை போகும்.

கொம்பையன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டான். "பதில் உங்களிடம்தான் இருக்கிறது ராஜா. போன வருஷம் பாறைக்கோட்டையைப் பிடித்தீர்களே, எத்தனை வீரர்கள் செத்தார்கள்?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒருவன்கூட இல்லை! சுற்றி வளைத்து உட்கார்ந்தோம், பசியில் எதிரியே கதவைத் திறந்துவிட்டான். செலவே இல்லாத வெற்றி!"

"எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள்?"

"தொண்ணூறு."

"அந்தத் தொண்ணூறு நாள் அங்கே இல்லாவிட்டால் எங்கே இருந்திருப்பீர்கள் ராஜா?"

அந்தத் தொண்ணூறு நாளில்தான் ராஜாவின் ஆறு வயது மகள் அம்மை கண்டு இறந்துபோனாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டபடியே போனாள். அவளைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது கட்டளை.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. சோமதத்தர் முகம் மலர்ந்தது.

கொம்பையன் நகரவில்லை. "குத்திக்காட்டக் கேட்கவில்லை ராஜா. கடைசிப் பாடத்தன்றைக்கு என் பெண்சாதி காய்ச்சலில் கிடந்தாள். பெயர் அடிபடுமே என்று வகுப்புக்குப் போய்விட்டேன். வாயில் தண்ணீர் விட்டது பக்கத்து வீட்டுக்காரி. நீங்கள் கூடாரத்தில் இருந்தீர்கள், நான் வகுப்பில் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

ராஜா வாளிலிருந்து கையை எடுத்தான். "அந்த வெற்றிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "அதற்கு நான் நிறையக் கொடுத்துவிட்டேன்."

"அப்படியானால் பரீட்சைக்கு என் பதிலும் அதுதான் ராஜா."

"இவன் விடுமுறை கேட்டானா?" ராஜா பண்டிதரைப் பார்க்காமலே கேட்டான்.

"விதி... மகாராஜாவின் விதி..."

"விதி என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சல் என்ற சேதியை ஏன் என்னிடம் கொண்டுவரவில்லை? நாளையிலிருந்து முதலாண்டு வகுப்பில் உட்காரும். கொம்பையன் சொல்லிக்கொடுப்பான்."

"சொல்லிக்கொடுக்கிறேன் ராஜா. ஆனால் வீட்டில் நோயாளி இருக்கிறவனை நான் உட்காரவைக்கமாட்டேன்."

"அந்த விதி இன்றோடு போயிற்று."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து பரிசல்காரனுக்கு எதிரே நின்றான்.

"உன் பெண்சாதி பேர் என்ன?"

"பவளாயி."

"என் மகள் பேர் இளநகை" என்றான் ராஜா. அவள் போன பிறகு அந்தப் பெயரை அவன் சொன்னது அன்றைக்குத்தான்.