சீயக்காயும் சீப்பும்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி அழகுக்கடை வைத்திருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான். வேல மரமும் நெருஞ்சி முள்ளும் நிறைந்த காடு அது. அங்கே சும்மா நடந்து போனாலே போதும், உடம்பெல்லாம் முள் ஏறிவிடும். அதை எடுத்துவிட ஒருவர் வேண்டாமா?

அந்த முள்ளம்பன்றியின் பெயர் செங்கமலம். வாகை மரத்தடியில் அதன் கடை. வந்தவர் உட்கார வழுவழுப்பான ஒரு பாறை. முகம் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு சுனை. தன் உடம்பிலிருந்து தானாக உதிரும் முட்களை மூங்கில் பட்டையில் வரிசையாகச் செருகிச் சீப்பு செய்து வைத்திருந்தது. முதலில் சீயக்காயை அரைத்துத் தேய்க்கும். நுரை வந்ததும் தண்ணீர் ஊற்றி அலசும். பிறகு சீப்பை வைத்து ஓர் இழுப்பு. முள்ளெல்லாம் உதிர்ந்து முடி பளபளவென்று நிற்கும்.

"என்ன கரடி மாமா, நேற்று எந்தப் புதரில் உருண்டீர்கள்?"

"உருளவில்லை அம்மா. தேனீ துரத்தியது, ஓடினேன். குறுக்கே ஒரு புதர் வந்துவிட்டது."

"புதர் வந்ததா, நீங்கள் போனீர்களா?"

"முதலில் முள்ளை எடு. விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்."

கரடி தேனடை தரும். காட்டுப்பன்றி கிழங்கு தரும். அதை வைத்துத்தான் செங்கமலம் தன் இரண்டு குட்டிகளையும் வளர்த்து வந்தது.

செங்கமலத்துக்கு ஒரு குணம் உண்டு. யார் எந்தச் சின்ன உதவி செய்தாலும் மறக்காது. மழை பெய்தால் மேகத்தைப் பார்த்து நன்றி சொல்லும். வெயில் அடித்தால், ஈரம் காய்ந்ததே என்று அதற்கும் ஒரு நன்றி சொல்லும். எல்லாரையும்விட நரிக்குத்தான் அதிகமாக நன்றி சொல்லும்.

ஏன் தெரியுமா? சீயக்காய் அந்தக் காட்டில் காய்க்காது. பக்கத்து மலைக்காட்டில்தான் காய்க்கும். இரண்டு காட்டுக்கும் நடுவே பெரிய கள்ளி வேலி. எந்தக் காலத்திலோ இந்தக் காட்டு யானைக்கும் அந்தக் காட்டு யானைக்கும் சண்டை வந்து, கோபத்தில் நட்ட வேலி அது. பாறைகளையும் மூடிக்கொண்டு படர்ந்திருந்தது. ஒருவராலும் தாண்ட முடியாது. நரி மட்டும் வேலிக்கு அடியில் ஒரு வளை தோண்டி வைத்திருந்தது. செங்கமலமும் ஒருமுறை அதற்குள் நுழைந்து பார்த்தது. முள் மாட்டிக்கொண்டது. கரடி வந்து காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

"உனக்கு எதற்குத் தங்கச்சி இந்த வேலை?" என்றது நரி. "அந்தப் பக்கம் சீயக்காய்க் கொடியை ஒரு மலைப்பாம்பு காவல் காக்கிறது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறித்து வருகிறேன். எல்லாம் உனக்காகத்தான்."

செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிடும். இருப்பதில் நல்ல தேனடையாகப் பார்த்து நரிக்குக் கொடுக்கும். "பேரப்பிள்ளைக்கு ஒரு சீப்பு" என்று நரி கேட்டால் அதையும் கொடுக்கும்.

"உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் அண்ணா?"

"எண்ணினால் கண்பட்டுவிடும் தங்கச்சி."

இப்படி இருக்கையில், இந்தக் காட்டு யானையும் அந்தக் காட்டு யானையும் ஒருநாள் சமாதானம் ஆயின. "நம் பாட்டன்கள் போட்ட சண்டைக்கு நாம் ஏன் வேலிக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக நிற்க வேண்டும்?" என்று பேசிக்கொண்டன. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே இருந்த கள்ளியைப் பிடுங்கி எறிந்தன. பாறைமேல் இருந்ததையும் விடவில்லை.

"இனி இங்குள்ள பொருள் அங்கே போகலாம். அங்குள்ளவர் இங்கே கடை போடலாம், இங்குள்ளவர் அங்கே போடலாம்" என்று பிளிறிச் சொல்லிவிட்டு, இரண்டும் சேர்ந்து ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டன.

அன்றைக்கே நரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"தங்கச்சி, குடி கெட்டது! மலைக்காட்டில் பவளக்கொடி என்று ஒரு குரங்கு இருக்கிறது. அதுவும் அழகுக்கடைக்காரிதான். அதற்குக் கையிலும் விரல், காலிலும் விரல். அதன் தங்கை, சித்தி, அத்தை எல்லாருக்கும் அதே தொழில். நாலு பேர் சேர்ந்து ஒரு மானைப் பிடித்தால், நீ சீயக்காயை அரைத்து முடிப்பதற்குள் அங்கே மான் அலங்காரம் முடிந்து வீட்டுக்கே போயிருக்கும். அந்தக் குரங்கு இங்கே கடை போட வருகிறது!"

செங்கமலம் தன் குட்டைக் கால்களைக் குனிந்து பார்த்தது. பிறகு குட்டிகளைப் பார்த்தது.

"நான் என்ன அண்ணா செய்ய முடியும்?"

"பாறைகளுக்கு நடுவே யானைகள் திறந்த வழி சின்னது. நீ போய் நடுவில் உட்கார்ந்து முள்ளைச் சிலிர்த்துக்கொள். புலிகூடக் கிட்ட வராது."

"வருகிறவர்களை மறிப்பது தப்பில்லையா?"

நரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "இத்தனை காலம் உனக்காக மலைப்பாம்பின் வாய்வரைக்கும் போய் வந்தேன். உன் நல்லதுக்காக ஒன்று சொன்னால் அது தப்பாகத் தெரிகிறது. சரி, விடு. நான் யார் உனக்கு?"

அந்தச் சொல்லைச் செங்கமலத்தால் தாங்க முடியவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய் வழியின் நடுவே உட்கார்ந்துகொண்டது. முட்கள் சடசடவென்று எழுந்து நின்றன.

அந்தப் பக்கத்திலிருந்து மான்கள் வந்தன. பார்த்தன, திரும்பிப் போயின. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முயல் வந்தது.

"என்ன செங்கமலக்கா, வேலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்களை நட்டுவிட்டார்களா?"

செங்கமலம் முள்ளை இன்னும் சிலிர்த்துக்கொண்டது. முயலும் திரும்பிப் போனது.

நாட்கள் போயின. வாகை மரத்தடியில் இலை உதிர்ந்து பாறையை மூடியது. கடையைத் திறக்கவில்லை என்றால் தேன் ஏது, கிழங்கு ஏது? குட்டிகள் பசியில் முனகின. நரி அடிக்கடி வந்தது. "அப்படித்தான் தங்கச்சி, விடாதே!" என்று சொல்லும். கீழே உதிர்ந்து கிடக்கும் முட்களை, "இடம் குப்பையாக இருக்கிறதே" என்று கூட்டி அள்ளிக்கொண்டு போகும். குட்டிகளுக்கு ஒரு கிழங்குகூடக் கொண்டுவந்து தரவில்லை.

ஒருநாள் கரடி வந்தது. அதன் முடியெல்லாம் சிக்குப் பிடித்து, ஒரு புதரே எழுந்து நடந்து வருவது போல இருந்தது.

"செங்கமலம், என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இந்தக் கோலத்தில் நான் எப்படி அவர்கள் முன்னால் நிற்பேன்? கடையை எப்போது திறப்பாய்?"

"நான் எழுந்தால் அந்தக் குரங்கு வந்து என் கடையை மூடிவிடும் மாமா."

"அது வந்து மூடுவதற்கு என்ன இருக்கிறது? நீயேதான் மூடிவிட்டாயே!" என்று சொல்லிவிட்டுக் கரடி கோபமாகப் போய்விட்டது.

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும், நரியண்ணன் மனம் நோகுமே என்று நினைத்து எழுந்திருக்காமல் இருந்தது.

"அக்கா, வணக்கம்" என்று தலைக்குமேல் ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால், பாறையின் உச்சியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி மயிர். அவ்வளவு அழகாகச் சீவியிருந்தது.

"நான்தான் பவளக்கொடி. பயப்படாதீர்கள். நான் மேலே தாவிப் போகிறவள். கீழே நீங்கள் வழியை மறித்தாலும் மறிக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். உள்ளதைச் சொல்கிறேன், கடை போட இடம் பார்க்கத்தான் வந்தேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் காட்டில் சீப்பு காய்க்கும் மரம் எங்கே இருக்கிறது?"

"சீப்பு காய்க்கும் மரமா?"

"ஆமாம் அக்கா." பவளக்கொடி பிடரியிலிருந்து ஒரு சீப்பை உருவிக் காட்டியது. "இதுதான். அந்த மரத்தை ஒரு மலைப்பாம்பு காவல் காக்கிறதாம். பாவம், நரியண்ணன்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறித்து வந்து தருகிறார். நானும் ஒவ்வொரு சீப்புக்கும் ஒரு குலை பழம் கொடுத்து, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறேன்."

செங்கமலம் சீப்பைப் பார்த்தது. அதே மூங்கில் பட்டை. அதே முள். தன் கையால் செருகிய முள்.

"மலைப்பாம்பு என்றா சொன்னார்?" என்று மெல்லக் கேட்டது.

"ஏன் அக்கா? உங்களிடமும் சொன்னாரா?"

"என்னிடம் சொன்ன மலைப்பாம்பு சீயக்காய்க் கொடியில் இருக்கிறது."

"சீயக்காயிலா!" பவளக்கொடி பாறையிலிருந்து விழப் பார்த்தது. "அது எங்கள் வாசலெல்லாம் கொட்டிக் கிடக்கிறதே அக்கா! மழை பெய்தால் நுரை பொங்கி, வழுக்காமல் நடப்பதே பெரும்பாடு!"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதலில் குரங்குதான் சிரித்தது. பிறகு முள்ளம்பன்றிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முட்களெல்லாம் கலகலவென்று ஆடின. ஆடி ஆடி, ஒவ்வொன்றாக உடம்போடு படிந்தன.

சிரித்து முடித்ததும் செங்கமலம் கேட்டது. "நீ கடை போட்டால் என் குட்டிகள் என்ன சாப்பிடும் பவளக்கொடி?"

குரங்கு கொஞ்சம் யோசித்தது. "சிலர் என்னிடம் வருவார்கள் அக்கா. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் காட்டார் இங்கே வந்து நடந்தால் உடம்பெல்லாம் நெருஞ்சி ஏறும். நான் விரலால் இழுத்தால் முடியும் சேர்ந்து வந்துவிடும். அவர்களை உங்களிடம்தான் அனுப்ப வேண்டும்."

"எங்கள் முயல்களுக்குச் சீப்பு பட்டாலே தோல் எரிகிறது. அவர்களுக்கு உன் விரல்தான் சரி. நான் உன்னிடம் அனுப்புகிறேன்" என்றது செங்கமலம். சொல்லிவிட்டு எழுந்து, வழியை விட்டு விலகி நின்றது.

மறுநாள் அது குட்டிகளோடு மலைக்காட்டுக்குப் போனது. சீயக்காய் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. பாம்பும் இல்லை, காவலும் இல்லை. யாருக்கு நன்றி சொல்வது என்றே அதற்குப் புரியவில்லை. கொடிக்குச் சொன்னது. யானைகள் போன திசையைப் பார்த்துச் சொன்னது. பவளக்கொடிக்கு இரண்டு தடவை சொன்னது. பிறகு ஒரு மூட்டை கட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பியது.

முதல் வேலையாகக் கரடியை உட்கார வைத்துத் தேய்த்துச் சீவிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் கரடியைப் பார்த்துவிட்டு, "பெண்ணுக்கு அண்ணனா?" என்று கேட்டார்களாம். கரடி அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது.

முயல்கள் எல்லாம் பவளக்கொடியின் கடைக்கு மாறிவிட்டன. செங்கமலத்துக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மலைக்காட்டு மான்களும் காட்டெருமைகளும் நெருஞ்சியோடு வந்து வாகை மரத்தடியில் வரிசையில் நின்றன. குட்டிகள் வயிறு நிறையச் சாப்பிட்டன. பவளக்கொடியின் சித்தி, அத்தைகள் எல்லாரும் சீப்பு கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

அந்த வரிசையின் ஓரத்தில் ஒருநாள் நரி வந்து நின்றது. கையில் ஒரு சீயக்காய் மூட்டை. எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். நரி கண்ணை இறுக மூடிக்கொண்டது. இப்போது முள் எழும்பும், இப்போது குத்தும் என்று காத்திருந்தது.

முள் எழும்பவில்லை.

"நரியண்ணா, மலைப்பாம்பு பொய்" என்றது செங்கமலம். "ஆனால் வழி இல்லாத காலத்தில் நீங்கள் கொண்டுவந்த சீயக்காய் பொய்யில்லை. அதில்தான் என் கடை நடந்தது, என் குட்டிகள் வளர்ந்தன. அதற்கு நன்றி. இனி வழி இருக்கிறது. வேண்டியதை நானே போய் எடுத்துக்கொள்கிறேன்."

நரி மெல்லக் கண்ணைத் திறந்தது. மூட்டையைக் கீழே வைத்தது. தேனடை கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

செங்கமலம் சீப்பை எடுத்துத் தண்ணீரில் நனைத்தது.

"அடுத்தது யார்? வாருங்கள், வந்து உட்காருங்கள்."

நீதி: உதவியவருக்கு நன்றி சொல், ஆனால் அந்த நன்றிக்காக உன் வழியை நீயே மறித்துக்கொள்ளாதே.