தழும்பு வழியே

சந்தனமேரியைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தான் இளம்பரிதி. அறுவை சிகிச்சை படிக்க வந்த டாக்டர். தொப்புளுக்குக் கீழே நீளமான தழும்பு. வேறொன்றும் கையில் தட்டுப்படவில்லை.

"வீக்கமே இல்லையே சார்."

"படுத்தா உள்ள போயிடும். எழுந்து நின்னு இருமும்மா" என்றார் பெரிய டாக்டர் குணசீலன்.

இருமினாள். தழும்பின் நடுவே தேங்காய் அளவுக்கு வயிறு பிதுங்கி வந்தது. அவளுடைய பழகிய கை அதைத் தாங்கிக்கொண்டது.

"குடலிறக்கம்" என்றான் இளம்பரிதி, அவளுடைய பழைய சீட்டைப் புரட்டியபடி. "இதே இடத்துல ரெண்டு தடவை செயற்கை வலை வெச்சுத் தச்சிருக்காங்க. ஏன் சார் திரும்பத் திரும்பப் பிரியுது? தையல் சரியில்லையா, வலை சரியில்லையா?"

குணசீலன் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். சந்தனமேரியும் பின்னால் வந்தாள்.

பெஞ்சில் ஓர் இளைஞனைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கை கால் சூம்பிப்போய், உடம்பு மட்டும் கனத்திருந்தான்.

"இது யாரும்மா?" என்றான் இளம்பரிதி.

"எம்மவன் ஜெபக்கனி. முதல்ல வயித்தைக் கிழிச்சது இவனை எடுக்கத்தான்."

"யாரு தூக்குறது இவரை?"

"இவங்கப்பன் ஒருநாள் தூக்கினான். மறுநாள் ஊரைவிட்டே போயிட்டான்."

"பெரிய வலையா வெச்சுத் தைக்கலாம்மா. ஆனா ஆறு மாசத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. இப்படியே விட்டு, குடல் சிக்கிக்கிட்டா உயிர் போயிடும்."

"சரி தம்பி. ஆறு மாசம் வேண்டாம், ஒரு மாசம். இவனை உங்க வீட்டுல வெச்சுக்கிடுதீங்களா?"

இளம்பரிதி கையிலிருந்த சீட்டை மடித்தான்.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு முன்னாடி இவன் போயிட்டான்னா, மறுநாளே வந்து ஆப்பரேசனுக்குப் படுத்துக்கிடுதேன்."

மகனை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். மகன் சிரித்தான். அவனுக்கு அது பழைய பேச்சு.

குணசீலன் உள்ளே போய் வயிற்றில் கட்டுகிற பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் குணமாகாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பிறகு குனிந்து ஜெபக்கனியின் அக்குளில் கைகொடுத்தார்.

"காலைப் பிடி."

இருவருமாகத் தூக்கிப் போய் ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். இளம்பரிதிக்கு மூச்சு வாங்கியது. அடிவயிறு பிடித்துக்கொண்டது.

"வீட்டுல இறக்கி விட ஆள் இருக்கா சார்?"

"அந்தா இருக்கு பாரு. பெல்ட்டை இறுக்கிக்கிட்டு."